வெறும் ஜலதோஷம்தானா?

மார்கழி மாதத்துக்கு எத்தனையோ பெருமைகள் உண்டு. வாசலிலே கோலம், கோலத்தின் நடுவிலே பூசணிப்பூ, கோயிலிலே வெண்பொங்கல், சபாக்களிலே கச்சேரி. இவற்றோடு இன்னொரு பெருமையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு மாதத்தில் நம் ஊரில் டாக்டராக இல்லாதவர் யாருமே கிடையாது!

சந்தேகமிருந்தால் நீங்களே பரீட்சை செய்து பாருங்கள். காலையில் வாசலுக்கு வந்து, பலமாக இரண்டு தரம் இருமுங்கள். "பனியிலே நின்னிருப்பீங்க" என்பார் பால்காரர். "சீதளம்! சுக்குக் கஷாயம் வச்சுக் குடியுங்கோ" என்பார் எதிர்வீட்டு மாமி. மாடிவீட்டுக் கல்லூரிப் பையன் செல்போனைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏதோ புது வைரஸாம்" என்று பயமுறுத்துவான். மருந்துக் கடைக்காரரோ ஒன்றுமே கேட்கமாட்டார். மூன்று மாத்திரைகளைக் கத்தரித்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிடுவார். ஐந்தே நிமிஷத்தில் நான்கு அபிப்பிராயங்கள்!

இதிலே சிரிப்பதற்கும் விஷயம் இருக்கிறது. யோசிப்பதற்கும் விஷயம் இருக்கிறது. மூக்கு ஒழுகுவது, தொண்டை கரகரப்பது, இருமல், லேசான ஜுரம் ஆகியவை ஐந்தாறு வியாதிகளுக்குப் பொதுவான ஆரம்பம். வாராவாரம் தொடர்கதை படிக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் அத்தியாயத்தை மட்டும் படித்துவிட்டு, கதாநாயகிக்குக் கடைசியில் என்ன ஆயிற்று என்று யாராவது சொல்ல முடியுமா?

நான் டாக்டர் அல்ல. ஆனால் குழந்தைகளும் கிழவர்களும் நிறைந்த வீட்டில் பல மழைக்காலங்களையும் பனிக்காலங்களையும் கண்டவன். டாக்டர்களைக் கேள்வி கேட்டே துளைத்தெடுத்தவன். அப்படிக் கேட்டதிலிருந்து ஒன்று தெரிந்துகொண்டேன். வியாதியின் பெயர் என்ன என்று நாம் வீட்டில் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வது மேல். எப்படி வந்தது? மூச்சு எப்படி இருக்கிறது? நாளுக்கு நாள் குறைகிறதா, ஏறுகிறதா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால், எப்போது கஷாயம், எப்போது டாக்டர் என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

மெதுவாக வரும் விருந்தாளி

ஜலதோஷம் சாதுவான விருந்தாளி. முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டுத்தான் வரும். முதல் நாள் தொண்டையில் ஓர் அரிப்பு. மறுநாள் தும்மல், அதற்கப்புறம் மூக்கு திறந்துவிட்ட குழாய்தான். இரண்டாவது, மூன்றாவது நாட்களில் உச்சம். பிறகு மெல்லக் குறைந்து, ஏழு முதல் பத்து நாட்களுக்குள் விடைபெற்றுக்கொள்ளும். பெரியவர்களுக்கு ஜுரம் இருக்காது. இருந்தாலும் லேசாகத்தான் இருக்கும். மூக்குச்சளி நான்காம் நாள் மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டிப்படுவதும் சகஜம். அதைக் கண்டு பயந்து ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிட வேண்டியதில்லை. ஜலதோஷத்தை உண்டாக்குபவை வைரஸ்கள். இருநூறுக்கும் மேற்பட்ட வைரஸ்கள் இந்த வேலையைச் செய்கின்றன. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து அவற்றை ஒன்றும் செய்யாது.

"பனியில் நின்றதால் வந்தது" என்கிறோமே, அதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள்! இங்கிலாந்தில் ஸாலிஸ்பரி என்ற ஊரில் 1946 முதல் 1989 வரை ஜலதோஷத்துக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. தாமாகவே முன்வந்த ஆரோக்கியமான மனிதர்கள் அங்கே பத்து நாட்கள் தங்கி, மூக்கிலே ஜலதோஷ வைரஸை விட்டுக்கொள்வார்கள். அவர்களில் சிலரை வெந்நீரில் குளிக்கவைத்து, துவட்டிக்கொள்ள விடாமல், காற்று வீசும் தாழ்வாரத்தில் ஈரத்தோடு அரைமணி நேரம் நிற்க வைத்தார்களாம். பாவம், வெடவெடவென்று நடுங்கியதுதான் மிச்சம்! மற்றவர்களைவிட அவர்களுக்கு ஒன்றும் அதிகமாக ஜலதோஷம் பிடிக்கவில்லை. பனி மட்டும் போதாது; கிருமியும் வேண்டும். கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு எல்லாரும் ஒரே அறையில் அடைந்து கிடக்கும் காலத்தில், அந்தக் கிருமிக்குக் கொண்டாட்டம்.

தும்மல் அடுக்கடுக்காக வந்து, கண்ணும் மூக்கும் அரித்து, ஜுரமே இல்லாமல் வாரக் கணக்கில் நீடித்தால் அது ஜலதோஷம்கூட அல்ல; தூசி ஒவ்வாமையாக இருக்கலாம். போகிப் புகைக்குப் பிறகு மார்பில் 'விஸ் விஸ்' என்று விசில் சத்தம் கேட்டால் ஆஸ்துமாவைப் பற்றி நினைக்க வேண்டும்.

கதவை உடைத்துக்கொண்டு வருகிறவன்

இன்ஃப்ளுயென்ஸாவுக்கு இந்த மரியாதையெல்லாம் தெரியாது. காலையில் காப்பி சாப்பிட்டுவிட்டுக் கம்பீரமாக ஆபீஸுக்குப் போனவர், மாலையில் ஆட்டோவில் சுருண்டு வருவார். ஜுரம் 102, 103 என்று ஏறும். குளிர் நடுக்கும். தலைவலி, கை கால் மூட்டெல்லாம் யாரோ உலக்கையால் இடித்ததுபோல் வலி. மூக்கு ஒழுகுவது அவ்வளவாக இராது. வறட்டு இருமல் இருக்கும். "எத்தனை மணிக்கு ஆரம்பித்தது?" என்று கேட்டால், நோயாளியே மணியைச் சொல்லிவிடுவார். ஜலதோஷக்காரர் அலுத்துக்கொண்டே வேலையைப் பார்ப்பார்; ஃப்ளூக்காரர் படுக்கையை விட்டு எழுந்திருக்கமாட்டார். வீட்டில் செய்யக்கூடிய நல்ல பரீட்சை இதுதான்.

வட இந்தியாவின் குளிர்காலத்தோடு நம் கணக்கு ஒத்துப்போகாது. சென்னைப் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகை மழையோடேயே ஃப்ளூ தலைதூக்கிவிடும். அதற்கும் நம் ஊருக்கும் பழைய சம்பந்தம்கூட உண்டு. 1957-ஆம் வருஷம் உலகமெங்கும் பரவிய 'ஆசிய ஃப்ளூ' நம் தேசத்துக்குள் நுழைந்த வழி சென்னைத் துறைமுகந்தான். மே மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு கப்பலோடு அது கரையிறங்கியது. சில மாதங்களில் இந்தியா முழுவதும் லட்சக்கணக்கானவர்கள் படுத்துவிட்டார்கள்.

ஃப்ளூ பெரும்பாலோருக்கு ஐந்தாறு நாட்களில் தணிந்துவிடும்; அசதி மட்டும் இன்னும் கொஞ்ச நாள் நிற்கும். ஆனால் கர்ப்பிணிகள், சின்னஞ்சிறு குழந்தைகள், 65 வயதைத் தாண்டியவர்கள், நீரிழிவு, இருதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் இவர்களுக்கெல்லாம் 'ஐந்து நாள் பார்க்கலாம்' என்கிற பேச்சே கூடாது. ஃப்ளூவுக்கென்று ஓஸல்டாமிவிர் என்ற மருந்து இருக்கிறது. ஆரம்பித்த இரண்டு நாட்களுக்குள் கொடுத்தால் அதன் பலன் அதிகம். கொடுக்க வேண்டுமா, வேண்டாமா என்று டாக்டர்தான் சொல்லவேண்டும்.

மாறுவேஷக்காரன்

அடுத்தது கொரோனா. 2020-ல் வாசனையும் ருசியும் மறைந்தால் 'அதுதான்' என்று கண்டுகொண்டோம். இப்போது அந்த அடையாளம் அவ்வளவாகக் காணப்படுவதில்லை. சிலருக்குத் தொண்டைவலியோடு ஜலதோஷம்போல் வருகிறது. சிலருக்கு ஃப்ளூவைப்போல் வருகிறது. பரிசோதனை செய்யாமல் முகத்தைப் பார்த்துச் சொல்ல அனுபவமுள்ள டாக்டராலும் முடியாது.

இதிலே ஒரு வேடிக்கை. மனிதர்களைப் பிடிக்கும் கொரோனா வர்க்கத்தை 1960-களில் முதன்முதலாகக் கண்டறிந்தவர்களில், நாம் மேலே பார்த்த ஸாலிஸ்பரி ஜலதோஷ நிலையத்தாரும் உண்டு. அதற்குக் கொரோனா என்று பெயர் வைத்தது 1968-ல். அப்போது அதை வெறும் ஜலதோஷக் கிருமி என்றுதான் நினைத்தார்கள். அதே வர்க்கத்தில் பிறந்த இன்னொன்று பின்னால் உலகத்தையே வீட்டுக்குள் பூட்டிவைத்தது. ஆகவே, பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வியாதியைச் சாது என்றோ துஷ்டன் என்றோ தீர்மானித்துவிடக் கூடாது. அது யாரைப் பிடித்திருக்கிறது, அவருடைய மூச்சு எப்படி இருக்கிறது என்பதே முக்கியம்.

குழந்தையின் மார்பைப் பாருங்கள்

தாய்மார்களே, இந்தப் பகுதியை மட்டுமாவது இரண்டு தரம் படியுங்கள்.

சின்னக் குழந்தைகளுக்கு வருஷத்தில் ஆறு, எட்டு தடவைகூடச் சளி பிடிக்கும். அதெல்லாம் சாதாரணம். ஆனால் ஆர்.எஸ்.வி. என்று ஒரு வைரஸ் இருக்கிறது. இரண்டு வயதுக்குள் அநேகமாக எல்லாக் குழந்தைகளையும் அது ஒரு தரம் பிடித்துவிடும். 1956-ல் அமெரிக்காவில் சளி பிடித்திருந்த சிம்பன்ஸிக் குரங்குகளிடம் அதை முதலில் கண்டுபிடித்தார்கள். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு அது வந்தால் பெரும்பாலும் வெறும் ஜலதோஷம். கைக்குழந்தைகளிலோ சிலருக்கு நூல்போன்ற சிறு மூச்சுக்குழாய்கள் வீங்கி, சளி அடைத்து, மூச்சு விடுவதே பாடாகிவிடும்.

சென்ற வருஷம் கார்த்திகையில் எங்கள் தெருவில் நடந்தது இது. பத்து மாதக் குழந்தைக்கு இரண்டு நாளாக மூக்கு ஒழுகிற்று. மூன்றாம் நாள் பாலைக் குடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. "பல் முளைக்குது, அதனாலேதான் சளி" என்றார் பாட்டி. குழந்தையின் தாய் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். "இல்லே அத்தை! விலா எலும்புக்குக் கீழே பள்ளம் விழுது, பாருங்க" என்றாள். அதோடு நிற்கவில்லை. சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்து, வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் எண்ணினாள். அறுபத்திரண்டு! தடுப்பூசி போடப் போனபோது சுகாதாரச் செவிலியர் சொல்லிக்கொடுத்ததை அவள் மறக்கவில்லை. அரைமணி நேரத்தில் குழந்தை அரசாங்க ஆஸ்பத்திரியில் இருந்தது. இரண்டு நாள் ஆக்ஸிஜன் வைத்தார்கள். ஐந்தாம் நாள் பொக்கை வாயைத் திறந்து சிரித்துக்கொண்டு வீடு திரும்பியது. அன்று அவள் எண்ணாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாயிருக்கிறது. உலகத்தில் தொற்றுநோயால் இறக்கும் குழந்தைகளில் மிக அதிகமானவர்களைக் கொண்டுபோவது நிமோனியாதான்.

அந்தக் கணக்கு ஒன்றும் கஷ்டமானதல்ல. குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போதோ, தூங்கும்போதோ எண்ணவேண்டும். மார்போ வயிறோ ஒரு தரம் உயர்ந்து தாழ்ந்தால் ஒரு மூச்சு. கால் நிமிஷம் எண்ணி நான்கால் பெருக்காதீர்கள். குழந்தையின் மூச்சு ஒரே சீராக இராது. முழுசாக ஒரு நிமிஷம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு 60 அல்லது அதற்கு மேல். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல். ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால், அது வேகமான மூச்சு. உடனே டாக்டரிடம் போகவேண்டும்.

எண்ணிக்கை எப்படியிருந்தாலும், மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்ளே குழிந்தாலும், முனகல் கேட்டாலும், பாலோ தண்ணீரோ குடிக்க முடியாவிட்டாலும், எல்லாவற்றையும் வாந்தி எடுத்தாலும், வலிப்பு வந்தாலும், எழுப்பினால் எழுந்திருக்காமல் துவண்டு கிடந்தாலும் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஜுரம் என்றால், வேறு எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும் அன்றே காட்டவேண்டும்.

ஜுரமே இல்லாத அபாயம்

குழந்தைக்கு நேர்மாறானவர்கள் முதியவர்கள். குழந்தை அழுது காட்டிவிடும், தாத்தாவோ, "எனக்கு ஒண்ணுமில்லை, போங்கடா!" என்பார். வயதான உடம்பில் நிமோனியா வந்தாலும் ஜுரம் ஏறாமலே இருக்கலாம். இருமல்கூட அதிகம் இராது.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு 78 வயது. பத்திரிகையில் ஒரு வரி விடாமல் படிப்பவர். ஒரு நாள் காலை, "இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமையா?" என்று மூன்று தரம் கேட்டார். ரசம் சாதத்தை இரண்டு கவளத்தோடு தள்ளிவிட்டார். "வயசாச்சோல்லியோ" என்று அவருடைய மனைவி சமாதானம் செய்துகொண்டாள். பிள்ளைக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. கொரோனா நாளில் வாங்கிய பல்ஸ் ஆக்ஸிமீட்டரைத் தேடியெடுத்து, அப்பாவின் விரலில் மாட்டினான். 88 காட்டிற்று. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்ததில் வலப்பக்கத்து நுரையீரலில் நிமோனியா! ஒன்பது நாளில் திரும்பி வந்து, படிக்காமல் விட்ட பத்திரிகைகளை வரிசையாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பெரியவர்களுக்குத் திடீரென்று புத்தித் தடுமாற்றம், தள்ளாட்டம், சாப்பாட்டில் வெறுப்பு, எந்நேரமும் தூக்கம் ஆகியவை கண்டால் வயதின்மேல் பழி போடாதீர்கள். விரல் கருவி 94-க்குக் கீழே காட்டினால் டாக்டரைப் பார்க்கவேண்டும். 90-ம் அதற்குக் கீழும் அவசர கேஸ். மருதாணியும் நகச்சாயமும் குளிர்ந்த விரலும் கருவியை ஏமாற்றும். சுத்தமான, வெதுவெதுப்பான விரலில் பாருங்கள். கருவி நல்ல எண்ணைக் காட்டினாலும், ஆள் மூச்சு வாங்கினால் ஆளைத்தான் நம்பவேண்டும்.

திரும்பி வரும் ஜுரம்

எல்லா வயதினருக்கும் பொதுவான எச்சரிக்கை ஒன்று உண்டு. நான்கைந்து நாட்களில் குறைந்து, "அப்பாடா!" என்று எழுந்து உட்கார்ந்தவருக்கு மறுபடி ஜுரம் ஏறி, இருமல் அதிகமானால் அது நல்ல சகுனமல்ல. வைரஸ் விட்டுச் சென்ற வாசல் வழியாக பாக்டீரியா நுழைந்து, நிமோனியாவாக மாறுவது இப்படித்தான். மூச்சை இழுக்கும்போது மார்பில் குத்துகிற வலி, துருநிறச் சளி, குளிர் நடுக்கம் ஆகியவையும் அதற்கு அடையாளங்கள். ஆன்டிபயாடிக்குக்கு இங்கேதான் வேலை. அதையும் டாக்டர் சொன்ன நாட்கள் வரை சாப்பிட வேண்டும்.

சாதாரணச் சளிக்குப் பிறகு இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் இழுப்பதுண்டு. ஆயினும் நம் நாட்டில் ஓர் இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் க்ஷயரோகம் இல்லை என்று நிச்சயம் செய்துகொள்ள வேண்டும். மாலை ஜுரம், எடைக் குறைவு, இரவில் வியர்வை, சளியில் ரத்தம் இருந்தால் கேட்கவே வேண்டாம். சளிப் பரிசோதனையும் மருந்தும் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசம். தொடர்ந்து இருமி இருமி, கடைசியில் 'ஹூப்' என்று மூச்சை இழுத்து வாந்தி எடுத்தால், அது கக்குவானாக இருக்கலாம். கைக்குழந்தைக்கு அந்த இழுப்புச் சத்தம்கூட வராது. மூச்சே சற்று நின்றுவிடும். மிகவும் ஆபத்து.

கஷாயமும் காபந்தும்

"அப்படியானால் வீட்டு வைத்தியம் வேண்டாமா?" என்று கேட்காதீர்கள். மிளகு ரசத்துக்கு நான் பரம அடிமை! சூடான ரசமும் சுக்கு வெந்நீரும் தொண்டைக்கு இதம். உடம்புக்கு வேண்டிய நீரும் சேர்கிறது. ஆடாதொடையை நம் பாட்டிமார்கள் சும்மா சொல்லவில்லை. அதிலுள்ள வாசிசின் என்ற சத்தை ஆதாரமாகக் கொண்டுதான், சளியை இளக்கும் பிரோம்ஹெக்ஸின் என்ற இங்கிலீஷ் மருந்தே உருவாயிற்று. ஓய்வு, நீராகாரம், ஜுரத்துக்கு வயசுக்கும் எடைக்கும் ஏற்ற பாரஸிட்டமால், குழந்தையின் மூக்கடைப்புக்கு இரண்டு சொட்டு உப்புநீர் மருந்து: ஜலதோஷத்துக்கு இவ்வளவு போதும்.

கூடாதவை சில உண்டு. ஒரு வயதுக்குள் தேன் கூடாது. அபூர்வமாக அதிலே இருக்கும் ஒரு கிருமி சிசுவுக்கு விஷமாகும். ஜுரத்தில் இருக்கும் குழந்தைக்கு ஆஸ்பிரின் கூடாது. கொதிக்கும் அண்டாவுக்கு எதிரே குழந்தையைப் போர்த்தி உட்கார வைக்கக் கூடாது. வேது பிடிக்கப் போய் வெந்நீரில் வெந்த கதைகள் நிறைய உண்டு. சின்னக் குழந்தைகளுக்கு இருமல் ஸிரப்பை நாமாக வாங்கிக் கொடுக்கவே கூடாது. 2025-ல் மத்தியப் பிரதேசத்தில், நம் தமிழ்நாட்டில் தயாரான ஓர் இருமல் மருந்தைச் சாப்பிட்ட குழந்தைகள் சிறுநீரகம் கெட்டு இறந்துபோனார்கள். டை எத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் அதில் கலந்திருந்தது. தானாக அடங்கியிருக்கக்கூடிய இருமலுக்கு அந்தக் குழந்தைகள் கொடுத்த விலையை எண்ணிப் பாருங்கள்.

வருமுன் காக்கவும் வழி உண்டு. நிமோனியாவைத் தடுக்கும் பி.ஸி.வி. ஊசியைக் குழந்தைக்கு ஆறாவது வாரம், பதினாலாவது வாரம், ஒன்பதாவது மாதம் என்று அரசாங்கமே இலவசமாகப் போடுகிறது. ஃப்ளூ ஊசி வருஷா வருஷம் போட்டுக்கொள்ள வேண்டியது. வயதானவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்டு, மழைக்காலத்துக்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது. இருமுகிறவர் முகக்கவசம் அணியட்டும். சளி பிடித்த மாமாவும் அத்தையும் பாப்பாவைத் தூரத்திலிருந்தே கொஞ்சட்டும். முத்தத்தைப் பத்து நாள் பாக்கி வைத்தால் குடி ஒன்றும் முழுகிவிடாது.

பெரியவர்கள் விஷயத்தில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டிய அடையாளங்களையும் சொல்லிவிடுகிறேன். ஒரு முழு வாக்கியம் பேசுவதற்குள் மூச்சு வாங்குதல், மார்பில் விடாத வலியோ அழுத்தமோ, உதடு நீலம் பாய்தல், புத்தித் தடுமாற்றம், இருமலில் ரத்தம். இவற்றில் ஒன்று கண்டாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். அவ்வளவு கடுமையாக இல்லாமல், மூன்று நாளைத் தாண்டியும் ஜுரம் விடவில்லை என்றாலும், விட்ட ஜுரம் திரும்பி வந்தாலும் அன்றே டாக்டரிடம் போங்கள். இவை தவிர மற்றதற்கெல்லாம் மிளகு ரசத்தை நம்பலாம்.

வெப்பமானி, விரல் கருவி எல்லாம் இருந்தால் சௌகரியந்தான். ஒன்றும் இல்லாத வீட்டிலும் விநாடி முள் உள்ள ஒரு கடிகாரம் இருக்கும். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று தினம் நூறு தரம் அதைப் பார்க்கிறோம். குழந்தை இருமும் இரவில், அதன் மார்பில் ஒரு கண்ணும் அந்த முள்ளில் ஒரு கண்ணுமாக, ஒரே ஒரு நிமிஷம் உட்காருங்கள். அந்த ஒரு நிமிஷத்துக்காகவே அந்தக் கடிகாரத்தை வாங்கியதாக வைத்துக்கொள்ளலாம்.